ஈயடிச்சான் காப்பி

தமிழில் 'காப்பி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்றைக் காலையில் எழுந்ததும் குடிக்கிறோம். அதற்கு நம் வீடுகளில் உள்ள மரியாதை தெரிந்ததே. மற்றொன்றுக்கு மரியாதையே கிடையாது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதினால் காப்பி. கதையில் இன்னொருவர் சாயல் தெரிந்தால் காப்பி. அதிலும் கடைசிப் படி ஒன்று இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி. மூலத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்து எழுதியவர் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து, அடித்து, அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் எழுதுகோலைக் கீழே வைத்தாராம். புத்தியில்லாத உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் எந்த மொழியிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்த வசவை நாம் எல்லாக் கலைகளிலும் ஒரேமாதிரி பிரயோகிப்பதில்லை. சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடகரைப் புகழும்போது, 'குருவின் பாடாந்தரத்தை அப்படியே காப்பாற்றுகிறார்' என்கிறோம். குரு ஒரு சங்கதியைப் பாட, சிஷ்யன் அதைத் திருப்பிப் பாட, அவர் தலையை ஆட்ட, மறுபடியும் பாட, இப்படிப் பத்து வருஷம் போனால்தான் அது சிக்ஷை. அதைக் காப்பி என்று யாரும் சொல்வதில்லை. சித்திரம் என்று வந்ததும் நம் மனம் மாறிவிடுகிறது. ஒரு வாலிபன் பழைய மேதையின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, தைல வர்ணத்தில் அதை மறுபடி எழுதிப் பார்க்கிறான் என்றால், 'சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, பாவம்' என்கிறோம்.

இந்த இரண்டு அளவுகோல்களில் எது சரி என்ற கேள்வி சித்திரக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. நான் நாவல் எழுதுகிறவன். தூரிகை பிடிக்கிறவன் அல்ல. ஆனாலும் ஒரு கலையை ஒருவன் எப்படிக் கற்றுக்கொள்கிறான், கற்றுக்கொண்ட பிறகு எப்படித் தானாகிறான் என்பது எழுத்தாளனுக்கும் சொந்தக் கவலைதான்.

சங்கீத உவமை நான் கண்டுபிடித்தது அல்ல. வின்ஸென்ட் வான் கோ 1889-லும் 1890-லும் ஸான் ரெமியில் மனநோய் விடுதியில் இருந்த காலத்தில், மிலே, டெலக்ருவா, ரெம்பிராண்ட் ஆகியோருடைய படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளை வைத்துக்கொண்டு, அவற்றைத் தைல வர்ணத்தில் மறுபடி எழுதினார். சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் இயற்றிய இசையை இன்னொருவர் வாசிப்பதோடு தம் காரியத்தை ஒப்பிட்டார். சாகித்யம் ஒருவருடையது, வாசிப்பு இன்னொருவருடையது. அச்சில் வர்ணம் இல்லாததால் வர்ணம் முழுவதையும் அவரே போட வேண்டியிருந்தது. அந்த வர்ணங்களைப் பார்த்தவர்கள் அவற்றை மிலேயினுடையவை என்று தவறியும் சொல்லமாட்டார்கள்.

ஐரோப்பாவில் சித்திரக் கல்வி ஆதியிலிருந்தே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. 1400-ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி என்பவர் சித்திரத் தொழிலுக்கு ஒரு கைப்புத்தகம் எழுதினார். அதில் அவர் சிஷ்யனுக்குச் சொல்லும் புத்தி: நல்ல ஆசான் ஒருவரைத் தேர்ந்துகொள், அவர் எழுதியதையே பார்த்துப் பார்த்து எழுது, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று தாவினால் இருவர் பாணியும் வராது. விடாமல் ஒருவரைப் பின்பற்றினால், இயற்கை உனக்குக் கொஞ்சமாவது கற்பனை தந்திருக்கும் பட்சத்தில், உன் பாணி தானே வந்து சேரும் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் 'பட்சத்தில்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாரிஸில் லூவர் அரண்மனை 1793-இல் பொதுக் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டபோதே, பிரதி எடுக்க வருகிற கலைஞர்களுக்கென்று தனி நாட்கள் ஒதுக்கினார்கள். இன்றும் அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கால்மரத்தில் கித்தானை நிறுத்தி எழுதலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பிரதியின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது. மூலத்திலுள்ள கையெழுத்தைப் போடக் கூடாது. கற்பதற்கும் மோசடிக்கும் இடையே உள்ள கோட்டை இதைவிடச் சுருக்கமாகக் கிழித்துவிட முடியாது.

இந்தப் பிரதிக் கல்வியினால் அதிக லாபம் அடைந்தவர்கள் பெண்கள். பாரிஸின் அரசாங்கக் கலைப் பள்ளி 1897 வரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிர்வாண மாடலை எதிரே வைத்து உருவம் எழுதப் பழகும் வகுப்பில் நுழைய அவர்களுக்கு வழி இல்லை. லூவரின் கதவு மட்டும் திறந்திருந்தது. பெர்த் மோரிஸோ 1858-இல் அங்கே பிரதியாளராகப் பெயர் பதிந்துகொண்டார். மானேயின் பழக்கம் அவருக்கு ஏற்பட்டதும் அங்கேதான். அமெரிக்கரான மேரி கஸாட் பாரிஸில் எழுதினார், பார்மாவில் கொரெஜ்ஜியோவின் படங்களை எழுதினார், 1872-இல் மாட்ரிட் போய் பிராடோ மியூஸியத்தில் வெலாஸ்க்வெஸைப் பார்த்து எழுதினார். மனித உடம்பு எப்படி வளைகிறது, முகத்தில் வெளிச்சம் எங்கே நின்று எங்கே இறங்குகிறது என்பதை உயிருள்ள மனிதர்களிடமிருந்து கற்க விடாதபோது, செத்துப்போன மேதைகளிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். காப்பி என்று இளக்காரம் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, பிரதி எடுப்பதனால் என்னதான் தெரிந்துவிடுகிறது? கண்ணால் பார்த்தால் தெரியாததா?

தெரியாது என்பதுதான் பதில். முடிந்த படம் தான் பிறந்த வரிசையை மறைத்துவிடுகிறது. தைல வர்ணம் மெதுவாகக் காய்கிற சாமான். ஒரு பூச்சுக்கு மேல் இன்னொன்று போட நாட்கள் காத்திருக்க வேண்டும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மேல்பூச்சு முதலில் இறுகி, பிறகு வெடித்துவிடும். ஆகவே எந்தப் பழைய உருவப் படமும் ஒரே நாளில் பார்த்த ஒரே முகம் அல்ல. முதலில் கித்தானுக்குச் சாம்பலோ செம்மண்ணோ கலந்த ஓர் அடி நிறம். அதன்மேல் இருட்டும் வெளிச்சமும் மட்டும் கொண்ட ஓர் அரைகுறை உருவம். அதன்மேல் சதை நிறம். அதன்மேல் எண்ணெயில் கரைத்த மெல்லிய நிறப் படலம். ரஸிகன் மேலேயிருந்து கீழே பார்க்கிறான். பிரதி எழுதுகிறவன் கீழேயிருந்து மேலே ஏறியாக வேண்டும். கன்னத்தில் தெரியும் அந்தச் சாம்பல் பச்சை மேலே பூசியதா, அல்லது அடி நிறத்தை அப்படியே விட்டு வைத்ததா? ஒவ்வோர் அங்குலத்திலும் அவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் தவறானால் கித்தான் உடனே சொல்லிவிடும்: முகம் மண்ணாகிவிடும். பார்க்கிறவனுக்கு இந்தத் தண்டனை கிடையாது. ஆகையால் அவனுக்குக் கல்வியும் கிடையாது.

இது பொதுவான பேச்சு. ஒரு படத்தையும் ஒரு சிஷ்யனையும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

வெலாஸ்க்வெஸ் 1656-இல் எழுதிய 'லாஸ் மெனினாஸ்' படம் பிராடோவில் இருக்கிறது. 318 செண்டிமீட்டர் உயரம், 276 அகலம். மாட்ரிட் அரண்மனையில் ஓர் அறை. நடுவே ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா. இரு பக்கமும் இரண்டு தோழிப் பெண்கள். ஒருத்தி மண்டியிட்டுச் சிறிய செம்மண் குவளையை நீட்டுகிறாள். வலப்புறம் ஒரு குள்ளப் பெண், ஒரு குள்ளப் பையன், தூங்கி வழியும் ஒரு பெரிய நாய். இடப்புறம் ஒரு பெரிய கித்தானுக்கு முன்னால் தூரிகையும் கையுமாக வெலாஸ்க்வெஸே நிற்கிறார். பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் மங்கலாக ராஜாவும் ராணியும். அதற்குப் பக்கத்தில் திறந்த கதவு. படிக்கட்டில் ஒருவர் திரும்பி நின்று பார்க்கிறார். இவ்வளவு பேரும் படத்தின் கீழ்ப் பாதியில்தான் இருக்கிறார்கள். மேல் பாதி முழுவதும் வெறும் அரை இருட்டு.

இந்தப் படத்தின் விசேஷம் இளவரசியின் உடையில் இருக்கிறது என்று சித்திரக்காரர்கள் சொல்வார்கள். எட்ட நின்று பார்த்தால் பட்டு, சரிகை, வெள்ளிப் பின்னல், எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. கிட்டே போனால் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் நாலு தீற்று, ரோஜா நிறத்தில் இரண்டு பொட்டு, ஈய வெள்ளையில் ஓர் இழுப்பு. பட்டு என்பது கித்தானில் இல்லை. பத்தடி தூரத்தில் நம் கண்ணுக்குள் இருக்கிறது.

பிரதி எழுதுகிறவனின் நிஜமான சோதனை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வெள்ளை இழுப்பை அவன் பார்க்கிறான். அதன் நீளம், அகலம், நுனியிலுள்ள பிசிறு, எல்லாவற்றையும் அளந்து, மெல்லிய தூரிகையால் ஜாக்கிரதையாக அதே வடிவத்தைத் தன் கித்தானில் வரைகிறான். வடிவம் தப்பாமல் வந்துவிடும். சட்டை மட்டும் செத்துப்போய்விடும். ஏனென்றால் வெலாஸ்க்வெஸ் அந்த வடிவத்தை வரையவில்லை. தூரிகை நிறைய வர்ணத்தை எடுத்துக்கொண்டு, கையை ஓட்டி, பாதியில் தூக்கிவிட்டார். பிசிறு தானாக விழுந்தது. அந்தப் பிசிறைக் கஷ்டப்பட்டு வரைகிறவன்தான் ஈயை அடித்து ஒட்டுகிறவன். வேகத்தில் பிறந்ததை நிதானத்தால் திருப்பிச் செய்ய முடியாது. பிரதி எழுதுகிறவன் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: நான் பார்த்து எழுத வேண்டியது இந்தக் கோட்டை அல்ல, இந்தக் கோடு விழும்படியாகக் கை போன விதத்தை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, கிட்டே வந்து ஒரு தீற்று, மறுபடி தள்ளி நின்று பார்ப்பது என்கிற அந்த நடையையே பிரதி செய்ய வேண்டும். இந்த முடிவுக்கு வந்தவனுடைய பிரதி மூலத்திலிருந்து கோட்டுக்குக் கோடு விலகியிருக்கும். ஆனால் பட்டு பட்டாக இருக்கும்.

1879-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஜான் ஸிங்கர் ஸார்ஜண்ட் என்ற இருபத்துமூன்று வயது வாலிபர் பிராடோவுக்கு வந்தார். பிளாரன்ஸில் பிறந்த அமெரிக்கர். 1874 முதல் பாரிஸில் கரோலுஸ் டூரான் என்ற உருவச் சித்திரக்காரரிடம் சிஷ்யர். அந்த ஆசிரியருக்குச் சதா சர்வ காலமும் வெலாஸ்க்வெஸ் நாமம்தான் ஜபம். கோட்டுப் படத்தை முதலில் முடித்துப் பிறகு நிறம் நிரப்பு என்கிற பள்ளிக்கூட முறையை விட்டு, ஈரத்தின் மேல் ஈரமாகத் தூரிகையாலேயே உருவத்தைக் கட்டு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள அரைத் தொனியை முதலில் பிடி என்று அவர் கற்பித்தார். சிஷ்யர் ஆசிரியரின் ஆசிரியரைத் தேடி மாட்ரிட் வந்தார் என்று சொல்லலாம். அங்கே வெலாஸ்க்வெஸின் பல படங்களைப் பார்த்து எழுதினார். லாஸ் மெனினாஸையும் மூலத்தைவிட மிகச் சிறிய அளவில் எழுதினார். அந்த அளவிலே இளவரசியின் சரிகையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அறையின் காற்று, இருட்டு எவ்வளவு, கதவுக்கப்பால் வெளிச்சம் எவ்வளவு, இவற்றைத்தான் எழுத முடியும். சின்னக் கித்தான் அவருக்கு உபகாரமே செய்தது. ஈ ஒட்ட இடமில்லை!

மூன்று வருஷம் கழித்து, 1882-இல், பாரிஸில் தம் நண்பரான எட்வர்ட் டார்லி பாய்ட் என்பவரின் நாலு பெண்களை ஸார்ஜண்ட் எழுதினார். இந்தப் படம் இப்போது பாஸ்டன் மியூஸியத்தில் இருக்கிறது. ஏறக்குறையச் சதுரம், பக்கத்துக்கு 222 செண்டிமீட்டர். அப்போது பெண்களுக்கு வயது பதினாலு, பன்னிரண்டு, எட்டு, நாலு. நாலு பெண்களை எழுதச் சொன்னால் சாதாரணச் சித்திரக்காரர் அவர்களை ஒரு சோபாவில் நெருக்கி உட்கார வைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டுச் சிரிக்கச் செய்திருப்பார். பெற்றவர்களும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஸார்ஜண்ட் அப்படிச் செய்யவில்லை. கடைக்குட்டி பொம்மையை வைத்துக்கொண்டு முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறது. எட்டு வயதுப் பெண் இடது ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள். மூத்தவர்கள் இருவரும் உள்ளே, இருட்டு தொடங்குகிற இடத்தில். அவர்களில் பெரியவள் ஆள் உயர ஜப்பான் ஜாடி ஒன்றில் சாய்ந்து பக்கவாட்டில் திரும்பிக்கொண்டுவிட்டாள். முகம் சரியாகத் தெரியவில்லை. நடுவில் வெற்றிடம். பின்னால் இருட்டில் ஒரு கண்ணாடி லேசாக மின்னுகிறது.

1883-இல் பாரிஸ் காட்சியில் இதை வைத்தபோது, நடுவே ஒன்றுமே இல்லையே என்று விமரிசகர்கள் குறை சொன்னார்கள். உருவப் படம் என்றால் முகம் தெரிய வேண்டாமா? நாலில் ஒரு முகம் காணோமே!

இந்தப் படத்தை லாஸ் மெனினாஸின் காப்பி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் லாஸ் மெனினாஸைக் கைப்பட எழுதிப் பார்க்காத ஒருவர் இதை எழுதியிருக்கவும் முடியாது என்பது என் அபிப்பிராயம். பெரிய அறையின் இருட்டை வீண் இடம் என்று நினைக்காமல் அதற்குப் படத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்ற துணிச்சல், வெள்ளை உடையின் மேல் வெளிச்சத்தை நாலு இழுப்பில் முடித்துவிடும் கை, பார்க்கிறவன் அறைக்குள் நுழைந்ததும் குழந்தைகள் அப்படியே நின்று அவனைப் பார்க்கிற அந்த நிமிஷம், இவையெல்லாம் பிராடோவில் சேர்த்த சொத்து. ஆனால் வெலாஸ்க்வெஸிடம் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அங்கே எல்லோரும் இளவரசியைச் சுற்றி இருக்கிறார்கள். அரண்மனை என்ற ஏற்பாடு அவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இங்கே நாலு பெண்களை எதுவும் சேர்த்துக் கட்டவில்லை. நாலு வயதுக் குழந்தை வெளிச்சத்தில் நம்மை நேராகப் பார்க்கிறது. வயது ஏற ஏறப் பெண்கள் இருட்டுக்குள் நகர்கிறார்கள். குழந்தைப் பருவம் போவதைப் பற்றி ஒரு நாவலாசிரியன் இருநூறு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஜாடியின் மேல் சாய்ந்த முதுகு சொல்லிவிடுகிறது. இதை எந்த மூலத்திலிருந்தும் பிரதி எடுக்க முடியாது. உயிருள்ள பெண்கள் எதிரே நின்றால்தான் கிடைக்கும். அதுவும் பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும். சென்னினி சொன்ன 'பட்சத்தில்' இதுதான்.

பிரதிக் கல்வியின் எல்லையும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. எதிரே இருக்கும் படம் அசையாது. களைப்படையாது. 'என் மூக்கு இவ்வளவு நீளமா?' என்று கேட்காது. பணம் கொடுத்துவிட்டு முறைக்காது. உருவச் சித்திரம் என்பது எழுதுகிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவருக்கும் நடக்கும் ஒரு மௌனமான வழக்கு. அந்த வழக்கைப் பழைய படத்தின் முன்னால் பழக முடியாது. தீர்ப்பு அங்கே எப்போதோ எழுதியாகிவிட்டது. பிரதி கற்றுக் கொடுப்பது பாஷையை. அந்தப் பாஷையில் என்ன பேசுவது என்பதை அல்ல.

ஸார்ஜண்டின் பிற்காலமே இதற்குச் சாட்சி சொல்கிறது. லண்டனில் அவர் பெரிய மனிதர்களின் வீட்டுச் சித்திரக்காரராகி, பட்டும் முத்தும் அணிந்த சீமாட்டிகளை வரிசையாக எழுதினார். கை அபாரமான கை. ஒரே இழுப்பில் ஸாட்டின் பாவாடை முழங்காலிலிருந்து தரை வரையில் வழிந்து இறங்கும். ஆனால் அந்தப் படங்கள் பலவற்றில் கை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்துமூன்றாம் வயதில் வெலாஸ்க்வெஸின் கை எப்படிப் போயிற்று என்று தேடியவர், பிறகு தம் கை போகிற வழியிலேயே போக ஆரம்பித்துவிட்டார். பிறரைக் காப்பி அடிப்பதைவிடப் பெரிய அபாயம் ஒருவர் தம்மையே காப்பி அடிப்பது. அவருக்கே அலுத்துவிட்டது போலும். 1907-ஐ ஒட்டி உருவப் படம் எழுதும் தொழிலையே பெரும்பாலும் நிறுத்திவிட்டு, நீர் வர்ணத்தையும் சுவர்ச் சித்திரத்தையும் நாடினார்.

'சரி, சிறு வயதில் பிரதி எழுதலாம். பேர் வந்த பிறகும் எழுதுவார்களா?' என்று கேட்கலாம். ரூபன்ஸ் எழுதினார். 1628-இல் ராஜாங்க காரியமாக மாட்ரிட் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஐரோப்பா முழுவதும் கொண்டாடுகிற சித்திரக்காரர். சும்மா இருக்காமல், ராஜாவிடமிருந்த டிஷியன் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து பிரதி எழுத ஆரம்பித்துவிட்டார். அவற்றுள் 'ஆதாமும் ஏவாளும்' படத்தின் மூலமும் பிரதியும் இரண்டுமே இன்று பிராடோவில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஒரு நல்ல விமரிசனக் கட்டுரையைப் படிப்பதற்குச் சமானம். டிஷியனின் ஆதாம் பின்னால் சாய்ந்தபடி ஏவாளைத் தடுக்கக் கையை நீட்டுகிறான். ரூபன்ஸின் ஆதாம் முன்னால் வளைந்து வருகிறான், தசை முறுக்கேறியிருக்கிறது, தடுப்பதில் அவசரம் தெரிகிறது. மூலத்தில் இல்லாத ஒரு சிவப்புக் கிளி வேறு ஆதாமின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'உம்முடைய ஆதாம் போதுமான அளவு பயப்படவில்லை ஐயா!' என்று ரூபன்ஸ் மரியாதையாகச் சொல்வது போல் இருக்கிறது. அந்த வயதில் அவர் பாடம் கேட்க மட்டும் வரவில்லை. வாதம் செய்யவும் வந்தார். 1640-இல் இறந்தபோது டிஷியனைப் பார்த்து எழுதிய பிரதிகள் பல அவர் வீட்டில் இருந்தன. விற்பதற்காகவா எழுதினார்?

லாஸ் மெனினாஸுக்கே இப்படி ஒரு வம்சாவளி உண்டு. கோயா 1778-இல் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். சுமார் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நான்காம் சார்ல்ஸின் குடும்பத்தை எழுதியபோது, இடது பக்க இருட்டில் கித்தானுக்கு முன்னால் தம்மையும் நிறுத்திக்கொண்டார். பிக்காஸோ பதினாறு வயதில் மாட்ரிடில் படிக்க வந்து, பிராடோவில் வெலாஸ்க்வெஸ் எழுதிய நான்காம் பிலிப்பின் முகத்தைத் தைல வர்ணத்தில் அடக்க ஒடுக்கமாகப் பிரதி செய்தார். அறுபது வருஷம் கழித்து, 1957-இல், கதவைச் சாத்திக்கொண்டு லாஸ் மெனினாஸைக் கலைத்து, வெட்டி, கோணலாக்கி, மறுபடி அடுக்கி, 58 படங்கள் கொண்ட ஒரு வரிசையை எழுதி முடித்தார். பின்னதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் முன்னதையும் பார்க்க வேண்டும். ஒழுங்காக எழுதிப் பார்த்தவனுக்குத்தான் எதைக் கலைக்கிறோம் என்று தெரியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். ரவிவர்மா திருவாங்கூர் அரண்மனையில் தைல வர்ணம் கற்க ஆசைப்பட்ட காலத்தில், எதிரே வைத்து எழுத ஒரு டிஷியனோ வெலாஸ்க்வெஸோ அவருக்குக் கிடைக்கவில்லை. 1868-இல் அங்கே வந்த தியோடர் ஜென்ஸன் என்ற ஐரோப்பியர் தாம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்தார், கற்பிக்கவில்லை. மேல் பூச்சைப் பார்க்கலாம், அடிப் பூச்சின் ரகசியத்தைக் கேட்கக் கூடாது! அப்படியிருந்தும் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது ஆச்சரியம். பிறகு 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, அவர் லக்ஷ்மியையும் ஸரஸ்வதியையும் நம் வீட்டுக் கூடங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அதுவும் பிரதிதான். ஆனால் இரண்டு பிரதிகளுக்கும் எவ்வளவு வித்தியாசம்! யந்திரம் எடுத்த பிரதி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்த யந்திரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பிராடோவில் ஸார்ஜண்ட் எழுதிய பிரதி யார் கூடத்துக்கும் போகவில்லை. எழுதியவருக்கு எல்லாம் தெரிந்தது. கையால் எழுதும் பிரதியின் பலன் படத்தில் இல்லை. எழுதியவனிடம் தங்கிவிடுகிறது. ஆகையால் அதைப் படமாக மட்டும் பார்த்து எடை போடுவது நியாயமில்லை.

எழுத்தாளனுக்கு இதற்குச் சமமான பயிற்சி எது என்று யோசித்தால், மொழிபெயர்ப்பு ஒன்றுதான் என்று சொல்வேன். ஒரு ரஷ்யக் கதையை நூறு தடவை படித்தாலும், அதில் கதாநாயகி எப்போது அறைக்குள் வந்தாள் என்பதை ஆசிரியர் ஏன் இரண்டு வாக்கியம் கழித்துச் சொல்கிறார் என்பது புலப்படாது. தமிழில் அதை எழுத உட்கார்ந்தால் அந்த இரண்டு வாக்கியத்தில் தடுக்கி விழுந்தாக வேண்டும். நம் சிறுகதையை வளர்த்தவர்களில் பலர் மொழிபெயர்ப்பும் செய்தவர்கள் என்பது தற்செயல் அல்ல. தழுவலைத் தாக்கி, மொழிபெயர்ப்பே நேர்மை என்று புதுமைப்பித்தன் போட்ட சண்டையும் லூவர் நிபந்தனையைப் போன்றதுதான்: பிறர் படத்தை எழுது, தாராளமாக எழுது, கையெழுத்தை மட்டும் மாற்றிப் போடாதே.

2010-ஆம் வருஷம் பாஸ்டனிலிருந்து அந்த நாலு பெண்களின் படத்தைக் கொஞ்ச நாளைக்கு மாட்ரிடுக்குக் கொண்டு போய், பிராடோவில் லாஸ் மெனினாஸுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சிஷ்யர் கால்மரமும் பெட்டியுமாக வந்துபோய் நூற்றுமுப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. காப்பிக்கு அந்தச் சுவரில் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். காப்பி எழுதாமல் இருந்திருந்தாலும் அந்த இடம் கிடைத்திராது.